மூன்று பெண் இலைக்கு இரண்டு ஆண் இலை

மார்கழி எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. விடியற்காலையில் பிடித்த தூறல் விடவில்லை, குளிர்காற்றும் சேர்ந்துகொண்டது. வில்லியனூரில் எங்கள் சமையல் மாஸ்டர் வீட்டு வாசலில் மஃப்ளரைக் காதில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏம்பலத்திலிருந்து ஆட்டோவில் வந்த மூன்று பெண்கள் ஒரே குடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

இது நடந்து பதினோரு மார்கழி ஆகிவிட்டது. இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது. தொழிலில் இன்னும் இருக்கும் இரண்டு பேர் போன வாரம் வந்து கைபேசியில் ஒன்றைக் காட்டினார்கள். ஆள் எண்ணிக்கையைத் தட்டினால் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் தானாகவே கணக்காகி வருகிறது. அதில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று மூன்று கட்டங்கள். ஆண்கள் கட்டத்தில் நூறு தட்டினேன். பிறகு பெண்கள் கட்டத்தில் நூறு தட்டினேன். அரிசி குறைந்து வந்தது.

"இந்தக் குறைச்சலை யார் போட்டது?" என்றேன்.

"தெரியலங்க சார். அதுல அப்பிடித்தான் வருது."

எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் போட்டேன்.

என் கதை பெரிதில்லை. பி.காம். முடித்தேன். கரும்பு எடை மேடையில் நாலு வருடம் எழுத்தராக இருந்தேன். அங்கே சம்பளம் தடைபட்டபோது, எழுதத் தெரிந்த ஆள் தேடிக்கொண்டிருந்த சமையல் மாஸ்டர் கலியபெருமாளிடம் வந்து சேர்ந்தேன். அவர் சாமான் பட்டியல் சொல்லுவார், நான் எழுதுவேன். இப்படி அந்த மார்கழி வரை பத்தொன்பது வருடம். என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. "இன்னாப்பா கணக்கு" என்பதுதான் என் பெயர்.

மாஸ்டர் எதையும் ருசி பார்க்கமாட்டார். குழம்பின் ஆவியை ஒரு தடவை முகர்வார், அவ்வளவுதான். அவருடைய பரீட்சை பந்தி எழுந்த பிறகுதான் நடக்கும். இலை எடுப்பவர்களை நிறுத்திவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாப்பிட்ட இலைகளின் ஓரமாக ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடப்பார். நான் நோட்டோடு பின்னால் போவேன். பாகூரில் ஒரு கல்யாணத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு இலைகள். நூற்று நாற்பதில் வடை ஒரு கடியோடு நின்றிருந்தது. "எண்ணெ காயறதுக்கு முன்னாடி போட்டிருக்கான்" என்றார். ஒரே வரிசையில் முப்பத்தோரு இலைகளில் கூட்டு தொடப்படாமல் கிடந்தது. "இந்த வரிசைக்கு அடி வாளி வந்திருக்குது. தீஞ்ச வாசன." அடுப்பங்கரைக்குப் போய் விசாரித்தேன். இரண்டும் சரி.

துடைத்த மாதிரி இருக்கும் இலைதான் அவருக்குப் பிடித்த இலை. "இலை சுத்தமா இருந்தா கணக்கு கரெக்டுன்னு எழுதிக்கோ" என்பார்.

இப்படி இலை பார்த்துப் பார்த்து அவர் சேர்த்த கணக்குகள் என் நோட்டில் நாற்பத்து மூன்று இருந்தன. முதல் கணக்கு, நூறு இலைக்குப் பதினைந்து கிலோ அரிசி. இரண்டாவது, மூன்று பெண் இலைக்கு இரண்டு ஆண் இலை. கல்யாணங்களில் பெண்கள் பெரும்பாலும் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். அந்தப் பந்திக்கு எத்தனை அன்னக்கூடை சோறு போனது, இலை எப்படி இருந்தது என்று வருடக்கணக்காகப் பார்த்து எழுதிய கணக்கு அது. பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவையும் பொய்த்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாஸ்டரின் முழங்கால் வீங்கி, கட்டிலில் கிடந்தார். உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

"இன்னாப்பா கணக்கு, இந்த லிஸ்ட்ட நீயே போடு. செரியா முடிச்சிட்டன்னா தை மாச லிஸ்ட்டு பதினாலும் நீதான்."

சொந்தமாக நான் போடும் முதல் பட்டியல். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.

வந்த மூவரில் பேசியவர் தனலட்சுமி. வயது நாற்பத்தாறு. இரண்டு காணி நெல்லும் கொஞ்சம் கரும்பும் பயிர் வைப்பவர். ஏம்பலத்து மகளிர் குழுக்கள் ஆறுக்கும் அவர்தான் தலைவி.

"வர்ற மார்கழி இருவதாம் தேதி, ஞாயித்துக்கெழம மத்தியானம். பொங்கலுக்கு முன்னாடி எங்க குழுப் பொம்பளைங்களுக்கு மட்டும் ஒரு விருந்துண்ணா. நூத்தி இருவத்தாறு பேரு."

"பிள்ளைகள்?"

"கூட்டியாரக் கூடாதுன்னு சொல்லிட்டோம். அன்னிக்கு ஒரு நாள் அதுங்க அப்பங்காரன்கிட்ட இருக்கட்டும்."

"எத்தனை பந்தி?"

"ஒரே பந்தி."

இரண்டு பந்தியாகப் பிரித்தால்தான் வசதி என்றேன். முதல் பந்தியைப் பார்த்து இரண்டாவது பந்திக்குச் சோறு கூட்டலாம், குறைக்கலாம்.

"அதெல்லாம் வேணாம்ணா. எந்த விசேஷமா இருந்தாலும் நாங்க கடைசிப் பந்தி. உக்காரும்போது அப்பளம் தூளா இருக்கும். பாயசத்துல முந்திரி எல்லாம் முன்னாடியே போயிருக்கும். அன்னிக்கு மொதப் பந்தியும் நாங்கதான், கடைசிப் பந்தியும் நாங்கதான்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையைச் சொன்னார். "எங்க வூட்டுக்காரரு டீக்கடையில உக்காந்துகினு இன்னா சொன்னாரு தெரியுமா? 'இவளுங்க விருந்து பாதிப் பந்தியில நிக்கும். எல்லாம் வூட்டுக்கு வந்து பழஞ்சோறுதான் திம்பாளுங்க'ன்னு. குழுவுலயே பத்துப் பேரு இது வேணாம்னாங்க. நான்தான் புடிவாதமா நின்னேன். பாதியில நின்னுதுன்னா வருஷம் பூரா என்ன நோண்டி எடுத்துடுவாங்க."

பட்டியலுக்கு வந்தோம். குழுவுக்கு ஒரு பண்டம், ஆறு குழுவுக்கு ஆறு. சாம்பார் என்று நான் எழுதியதுமே மூவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். தினம் அதுதானாம். சாம்பார் இல்லாத இலை என்பதை நினைக்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. சரி, மார்கழியில் பச்சை மொச்சை நன்றாகக் கிடைக்குமே, பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கலாமா என்று கேட்டேன். மொச்சையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கிற குழம்பு அது.

"பிதுக்கறது யாரு?" என்று கேட்டார் தனலட்சுமி.

"எங்கள் ஆட்கள்தான்."

"முழுசும்?"

"முழுசும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மளமளவென்று வந்தது. வாழைப்பூ வடை, பூவுக்குப் பூ நரம்பு எடுக்கவேண்டும். சின்ன வெங்காய வத்தக்குழம்பு. ஏழு கிலோ வெங்காயம் உரிக்கவேண்டும். முருங்கைக்கீரைப் பொரியல், காம்பு இல்லாமல் ஆயவேண்டும். அம்மியில் அரைத்த இஞ்சித் துவையல். அன்றைக்கே பிழிந்த கரும்புச்சாற்றில் பாயசம். வீட்டில் எவையெல்லாம் ஒரு பெண்ணின் அரை நாளைத் தின்னுமோ அவையெல்லாம் என் பட்டியலில் வரிசையாக ஏறின. நான் ஆள் கூலியைப் பக்க ஓரத்தில் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூவரில் ஒருவர் நூர்ஜஹான். ஏம்பலம் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாயின் மனைவி. அதுவரை அதிகம் பேசாதவர், "கடைசியா சுக்குக் காப்பி வேணும் சார். நாங்க எழுந்து போயி எடுக்கமாட்டோம். கொண்டாந்து கையில குடுக்கணும்" என்றார். எழுதிக்கொண்டேன்.

அடுத்தது அரிசி. நூற்று இருபத்தாறைப் போட்டு, பக்கத்தில் எண்பத்து நாலு என்று எழுதினேன். தனலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டார்.

"இன்னாண்ணா, நாப்பத்திரண்டு பேர அடிச்சிட்டீங்க?"

மூன்றுக்கு இரண்டு கணக்கை விளக்கினேன். எண்பத்து நாலு ஆண் இலைக்கு அரிசி பன்னிரண்டு கிலோ அறுநூறு கிராம். நான் பதின்மூன்றாகவே போட்டேன்.

"யாரு வயித்த அளந்து பாத்தாங்களாம்?"

"பத்தொன்பது வருடம் இலை பார்த்த கணக்கம்மா. தப்பாது."

"செரி, தொழிலு ஒங்களுது. ஆனா சோறுன்னு ஒருத்தி கேட்டா இல்லன்னு வரக் கூடாது. வந்துச்சுன்னா மாஸ்டர கேக்கமாட்டேன், ஒங்களத்தான் கேப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஏம்பலம் சமுதாயக் கூடத்தின் பின்பக்கம் அடுப்புப் பற்றவைத்தோம். பனியில் அடுத்த அடுப்புக்காரர் முகம் தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்கு வெயில் வந்தது, பெண்களும் வந்தார்கள். கூடத்தில் எண்பது பேர், வெளியே பந்தலில் நாற்பத்தாறு பேர். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு எல்லோரும் இலை முன்னால் இருந்தார்கள். பரிமாற எங்கள் ஆட்கள் ஐந்து பேர்.

வடித்த சோறு ஒன்பது அன்னக்கூடை. என் திட்டம், பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு நாலு, வத்தக்குழம்புக்கு இரண்டு, ரசத்துக்கு இரண்டு, மோருக்கு ஒன்று. முதல் சோற்றிலேயே ஐந்து கூடை போனது. நான் வரிசையோரம் நின்று இலைகளைப் பார்த்தேன். கல்யாணப் பந்தியில் நான் பார்த்த பெண்கள் இல்லை இவர்கள். பிள்ளைக்கு ஊட்டுகிற கை ஒன்றும் இல்லை. மாமியாருக்கு என்ன வேண்டும் என்று திரும்பிப் பார்க்கிற தலை ஒன்றும் இல்லை. காலையில் வீட்டுக்குச் சமைத்து வைத்துவிட்டு, தாங்கள் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள். நிதானமாகக் குழம்பைப் பிசைந்து, பேசி, சிரித்து, மறுபடி கையைக் காட்டிச் சோறு கேட்டார்கள்.

வத்தக்குழம்புக்கு மூன்று கூடை போனது. பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு மிச்சம் ஒரு கூடை. ரசமும் மோரும் பாக்கி.

மாஸ்டர் அதற்குச் சற்று முன்னால்தான் ஆட்டோவில் வந்து, காலை நீட்டிக்கொண்டு அடுப்போரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தன கூடப்பா?"

"ஒண்ணு."

"எத்தன இல?"

"நூற்று இருபத்தாறு."

அவர் பார்வையை அடுப்பின் பக்கம் திருப்பிக்கொண்டார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

புழுங்கல் அரிசியைக் களைந்து வைத்து வடிக்க முக்கால் மணி ஆகும். எங்களிடம் அரிசியும் இல்லை. பரிமாறுபவர்களில் ஒருவர், "எல்லார் வூட்லயும் ஆம்பளைங்களுக்கு ஆக்கி வெச்சிட்டுத்தானே வந்திருக்காங்க? ஆளுக்கு ஒரு சட்டி எடுத்தாரச் சொன்னா அஞ்சு நிமிஷம்" என்றார். அது சரியாகத்தான் பட்டது. தனலட்சுமியின் இலைக்குப் போய்க் குனிந்து இரண்டையும் சொன்னேன், ஒரு கூடைதான் மிச்சம் என்பதையும் இந்த யோசனையையும்.

அவர் முகம் ஒரு கணம் வெளுத்துப் போனது. ஆனால் குரல் உயரவில்லை.

"எங்க கையால ஆக்குனத நாங்களே திங்கறதுக்கா பட்டுப்பொடவ கட்டிக்கினு இங்க வந்து உக்காந்திருக்கோம்? அது நடக்காதுண்ணா. வேற வழி பாருங்க."

பக்கத்து இலையில் நூர்ஜஹான் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. எச்சில் கையை மடக்கிக்கொண்டு இடது கையால் கைபேசியை எடுத்தார்.

"ஏங்க, கடையத் தொறங்க. ஆமா, ஞாயித்துக்கெழமதான், தெரியும். தொறங்க." பிறகு என்னைப் பார்த்து, "இன்னா வேணும் சார்?" என்றார்.

என்ன வேண்டும்? பச்சரிசி சீக்கிரம் வேகும். சட்டென்று வாயில் வந்தது. "பச்சரிசி பத்து கிலோ, பாசிப்பருப்பு மூன்று கிலோ, நெய் ஒன்றரைக் கிலோ, நூறு கிராம் மிளகு, கால் கிலோ முந்திரி." வெண்பொங்கல். மார்கழி மாதத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். "இருபத்தைந்து நிமிடம் கொடுங்கம்மா" என்றேன் தனலட்சுமியிடம்.

அவர் எழுந்து நின்றார். "இத பாருங்கடி, இப்ப இடைவேள. ஒருத்தியும் எழுந்திருக்கக் கூடாது. பாயசம் வருது. அதுக்கப்புறம்தான் பெரிய ஐட்டம்."

"பந்தியில இடைவேள வுட்டு இன்னிக்குத்தான்டி பாக்கறேன்" என்றது பந்தலிலிருந்து ஒரு குரல். "முறுக்கு, கடல மிட்டாய் எல்லாம் விப்பாங்களா?"

"உனுக்கு மட்டும் விக்கச் சொல்றேன், உக்காருடி."

பாயசத்தை நடுப்பந்தியில் பரிமாறியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். முறை தப்பியதே என்று மனசு அடித்துக்கொண்டது. அவர்களோ வாழைப்பூ வடையைப் பாயசத்தில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

பாய் டி.வி.எஸ்.ஸில் மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு ஏழு நிமிடத்தில் வந்துவிட்டார். அப்போதுதான் தண்ணீர் நினைவு வந்தது. ஐம்பது லிட்டரைக் கொதிக்கவைக்கவே அரை மணி ஆகுமே. திரும்பிப் பார்த்தால், சுக்குக் காப்பிக்கு வைத்த அண்டா தளதளவென்று கொதிக்கிறது. வெல்லம் இன்னும் போடவில்லை. ஆனால் சுக்கு தட்டிப் போட்டாகிவிட்டது.

"சுக்குத் தண்ணி மாஸ்டர்" என்றேன்.

"பொங்கலுக்கு இஞ்சி போடுவமா, மாட்டமா?"

"போடுவோம்."

"இஞ்சிக்கு அண்ணந்தான் சுக்கு. கொட்டுப்பா."

கொட்டினேன். பக்கத்து அடுப்பிலிருந்த வெந்நீரையும் சேர்த்தேன். இரண்டு அடுப்பின் தீயையும் ஒன்றாக்கி, இரண்டு பேர் மாறி மாறித் துடுப்புப் போட்டார்கள். இருபத்தேழு நிமிடம். நான் சொன்னதைவிட இரண்டு நிமிடம் அதிகம். அந்த இரண்டு நிமிடமும் நான் கூடத்தின் பக்கம் போகவில்லை.

உள்ளே சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒருத்தி தன் கணவர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நடித்துக் காட்டினாள். "ஏய், அப்பளம் எங்கடி? தூளா? தூள எவன் திம்பான்?" என்று ஆண்குரலில் கேட்க, நூற்று இருபத்தைந்து பேர் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது.

பொங்கல் போனது. நெய்யும் மிளகும் சுக்கும் கலந்த ஆவி வரிசையோடு நகர்ந்தது. ஒவ்வோர் இலையிலும் பேச்சு நின்று, ஒரு வாய் உள்ளே போய், பிறகு மறுபடி தொடங்கியது. "இதுல இன்னா போட்டீங்க?" என்று பதினொரு பேர் என்னைக் கேட்டார்கள். தொழில் ரகசியம் என்றேன். தனலட்சுமி இரண்டு தடவை வாங்கினார். மூன்றாம் தடவை இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "போதும்ணா" என்றார். ஒரு பெண் இலை முன்னால் கையை வைத்து மறைத்துப் போதும் என்று சொன்னதை என் தொழிலில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்தவுடன் எனக்கு அது உறைக்கவில்லை.

இதற்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. விருந்து பாதியில் நின்றுவிட்டதாம் என்று வேடிக்கை பார்க்க ஆண்கள் முப்பத்தெட்டு பேர் வாசலில் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவர் தனலட்சுமியின் கணவர். கைகழுவிவிட்டு வந்த தனலட்சுமி அவரைப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா? வாங்க. கடைசிப் பந்தி ஒங்களுதுதான். அப்பளம் தூளாத்தான் இருக்குது, பரவால்லியா?"

அவர் கொஞ்சம் தயங்கி, பொங்கல் வாசனையை முகர்ந்து, வேட்டியை மடித்துக்கொண்டு வாசலில் போட்ட இலை முன்னால் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்களிடமிருந்து வாளியைப் பிடுங்கிப் பரிமாறிய பெண்கள் சிரித்ததில் நெய் பாதி வெளியே விழுந்தது. சுக்குக் காப்பியை மறுபடி போட்டு, மூன்று பத்துக்கு ஒவ்வொரு பெண்ணுக்கும் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஆண்கள் பந்தி நடக்கும்போதே மாஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூடத்திலும் பந்தலிலும் பெண்களின் இலைகளை எடுக்காமல் நிறுத்தச் சொல்லியிருந்தார். நொண்டி நொண்டி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார். நான் எண்ணிக்கொண்டே போனேன். உள்ளேயும் பந்தலிலும் சேர்த்து எண்பத்தொன்பது இலைகளில் பொங்கல் ஒரு பிடியோ அரைப் பிடியோ மிஞ்சியிருந்தது. அவருக்குப் பிடித்த, துடைத்த இலைகள் குறைவு. கோபப்படுவார் என்று நினைத்தேன்.

பந்தல் கோடியில் நின்றார்.

"வயிறு ரொம்பினவங்க இலையில ஒரு பிடி நிக்கும்பா. ஆம்பளைங்க பந்தியில எல்லாம் நின்னுது, பாத்திருக்கேன். பொம்பளைங்க இல தொடச்ச மாதிரி இருக்கும். நல்லா இருந்துச்சு, வழிச்சுச் சாப்பிட்டாங்கன்னு நெனச்சிக்கினு கணக்கு எழுதச் சொல்லிட்டேன். சோறு இல்லாம வழிச்சிருக்காங்க." கடைசி இலையை மறுபடி பார்த்தார். "அண்டாவுல மிச்சம் இருந்ததத்தான் அளந்திருக்கேன் நானு."

நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை. "அந்த ரெண்டாவத அடிச்சிடு" என்றார். பேனா எழுதாமல் மக்கர் செய்தது. மூன்று தடவை உதறி, அடித்தேன். தை மாதப் பட்டியல்கள் பதினாலையும் நான்தான் போட்டேன். பெண் இலை, ஆண் இலை என்று இரண்டு வரிசை எழுதுவதை அன்றோடு விட்டேன்.

கூடத்தை ஒழித்துக் கொடுத்துவிட்டு, ஐந்தே முக்காலுக்குப் பாய் கடைக்குப் போனேன். பொங்கல் சாமானுக்குக் குழுவே பணம் கொடுப்பதாகத் தனலட்சுமி சொல்லியிருந்தார். தப்பாக எண்ணியது நான். அவர்களிடம் எப்படி வாங்குவது? அன்றைக்கு என் கூலி எண்ணூறு ரூபாய். அதையும் சட்டைப்பையில் இருந்ததையும் சேர்த்து எடுத்து வைத்தேன்.

பாய் துண்டுச்சீட்டில் கூட்டினார். அரிசி முந்நூற்று நாற்பது, பருப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு, நெய் அறுநூற்று முப்பது, மிளகு எழுபத்தைந்து, முந்திரி நூற்று அறுபது. "நம்ம வூட்டம்மா வந்து படுத்தவ இன்னும் எழுந்திருக்கல. ரெண்டு வாட்டி வாங்கினாளாமே? பதினேழு ரூவாய வுட்டுடுங்க சார்" என்றார். விடவில்லை. எண்ணிக் கொடுத்தேன். ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினேழு ரூபாய்.